எதிரொலி இருமிய கதை

குன்றுக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு என்று பெரியவர்கள்கூட நம்புகிறார்கள். இது மிகக் கடுமையான தவறு. குழந்தைகளே, இதை இன்றே திருத்திக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு. எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய் நின்றால் மாடே சொல்லிக்கொடுக்கும். குன்று அப்படியல்ல. அது எவருக்கும் முகம் காட்டி உட்காரவும் இல்லை. எவரிடமும் கோபித்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நீங்கள் நிற்கும் பக்கத்தை நீங்கள் முன்பக்கம் என்கிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சின்ன உண்மை தெரியாததால், ஒரு காட்டில் இருநூறு தலைப்பிரட்டைகள் சாகப் பார்த்தன.

அந்தக் காடு ஒரு மொட்டைக் குன்றைச் சுற்றி வளையமாகப் படர்ந்திருந்தது. தட்டில் ஓர் உளுந்து வடையை வைத்து, அதன் ஓட்டையில் ஒரு நெல்லிக்காயை வையுங்கள். நெல்லிக்காய்தான் குன்று. வடைதான் காடு. கதை முடியும்வரை வடையைத் தின்னாமல் இருந்தால் வழி தெரியும்.

முன்பு ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கூழைக்கடா அந்தக் காட்டுக்குப் பறந்து வந்தது. பேழைவாயர் என்று பெயர். அவருடைய அலகின் கீழே தொங்கிய பையில் ஒரு கூடை மீன் கொள்ளும். அவர் கடலைத் தேடிப் புறப்பட்டவர். வழி தவறிக் குன்றுக்குத் தெற்கே இருந்த ஏரிக்கரையில், ஒரு மருத மரத்தில் வந்து இறங்கினார்.

“ஆகா, கடல்!” என்றார்.

“இது ஏரி, ஐயா,” என்றது கரையில் இருந்த நீர்நாய்.

“கடல் இல்லையா?”

“உப்பே இல்லையே!”

பேழைவாயர் சற்று யோசித்தார். “சரி, அப்படியானால் இது நன்னீர்க் கடல்,” என்றார்.

தவறை ஒப்புக்கொள்வதைவிடப் பெயரை நீட்டுவது அவருக்கு எளிதாக இருந்தது.

ஏரி மீன் அவருக்குப் போதவில்லை. காட்டில் இருந்த எல்லாக் குளத்திலிருந்தும் குட்டையிலிருந்தும் மீன் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்ல அவருக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. அங்கங்கே இருந்தவர்கள் தங்கள் இடங்களுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்: பாசிக்குட்டை, நாவல்துறை, எருமைப்பள்ளம், ஆலஞ்சுனை. இத்தனையையும் நினைவில் வைப்பது அவருக்குத் தொல்லையாக இருந்தது.

அதனால் அவர் மருத மரத்தில் குன்றைப் பார்த்து உட்கார்ந்து வலது சிறகை நீட்டினார்.

“இந்தப் பக்கம் கிழக்கு. என் பக்கத்தில் இருப்பது அண்மைக் கிழக்கு. அடுத்தது மத்திய கிழக்கு. அதற்கும் அப்பால், இங்கிருந்து என் கண்ணுக்குத் தெரியாதது தூரக் கிழக்கு.”

பிறகு இடது சிறகை நீட்டினார். அண்மை மேற்கு, மத்திய மேற்கு, தூர மேற்கு. நூறு வயது ஆமை ஒன்று பிறந்து வளர்ந்த குளத்தை அவர் அதற்கு முந்தின நாள்தான் பார்த்திருந்தார். ஆகவே அதற்குப் புதுக்குளம் என்று பெயர் வைத்தார்.

“தூரக் கிழக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது?” என்று கேட்டது கிளையில் இருந்த ஒரு மைனா.

“ஒன்றும் இல்லை.”

“தூர மேற்குக்கு அப்பால்?”

“அங்கேயும் ஒன்றும் இல்லை. ஒரே ஒன்றுமில்லாததை எத்தனை முறை கேட்பாய்?”

அவர் எழுந்து குன்றின் மேல் ஒரு வட்டம் பறந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். சிறகும் இருந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்துவிட்டது.

அந்த மைனாவுக்கு மனனியார் என்று பெயர். ஒருமுறை கேட்டதை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வது அவருடைய ஒரே திறமை. இரண்டாவது திறமை எதுவும் இல்லாதது பேழைவாயருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊர் ஊராகப் போய் இந்தப் பெயர்களைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மனனியாருக்கே கொடுத்தார்.

மனனியாரின் பாடத்தில் ஆறு இடங்களும் ஒரே நேர்வரிசையில் நின்றன. வடையை ஓர் இடத்தில் அறுத்து நீளமாக இழுத்து வைத்ததுபோல. அறுபட்ட இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதற்கு முடிவுப் பாறை என்று பெயர் வந்தது. பாறைக்கு இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் உலகம் அதோடு முடிகிறது என்று படித்தார்கள். அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் அதையேதான் படித்தார்கள்.

பல காலம் கழித்து ஏரியில் மீன் தீர்ந்தது. பேழைவாயர் பறந்து போனார். பெயர்கள் போகவில்லை.

இனிமேல்தான் நம்முடைய குமிழி வருகிறாள்.

குமிழி, தூரக் கிழக்குக் குட்டையில் வாழ்ந்த ஒரு தவளை. அந்தக் குட்டைக்குப் பாசிக்குட்டை என்று ஒரு பெயர் இருந்தது என்பது அவளுடைய பாட்டனின் பாட்டனோடு மறந்துபோயிற்று. எதையும் தாவி எண்ணிப் பார்க்காமல் குமிழி நம்ப மாட்டாள். குட்டையின் நீளம் அறுபத்து நாலு தாவல், அகலம் நாற்பத்தொன்று. தாழம்புதருக்குப் போக இருபத்தேழு. பாம்பு துரத்தினால் பதினெட்டு.

அந்தப் பங்குனியில் வெயில் கொளுத்தியது. குட்டையின் நீளம் அறுபத்து நாலிலிருந்து முப்பதாயிற்று, முப்பது பன்னிரண்டாயிற்று. மிச்சமிருந்த தண்ணீரில் குமிழியின் பிள்ளைகள் இருநூறு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நெளிந்தார்கள். ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை.

அன்று மாலை மனனியார் பாடம் சொல்ல வந்தார். வந்ததும் வராததுமாகக் குமிழி அவர் முன்னால் தாவி நின்றாள்.

“ஐயா, எங்கேயாவது தண்ணீர் இருக்கிறதா?”

“தூர மேற்கில் ஒரு சுனை இருக்கிறது. எந்தக் கோடைக்கும் வற்றாது. நானே குளித்திருக்கிறேன்.”

“எவ்வளவு தூரம்?”

“அதுதான் பெயரிலேயே இருக்கிறதே!”

“எத்தனை தாவல் என்று சொல்லுங்கள்.”

“தாவல் கணக்கு பாடத்தில் இல்லை. ஒரு தவளைக்கு ஏழு நாள் ஆகும். இங்கிருந்து மத்திய கிழக்கு, பிறகு அண்மைக் கிழக்கு, பிறகு மருத மரம், பிறகு அண்மை மேற்கு, மத்திய மேற்கு, அதற்கும் பிறகு தூர மேற்கு.”

“என் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் தண்ணீர்தான் இருக்கிறது.”

“ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து,” என்றார் மனனியார். 

குமிழி இன்னும் ஒரு தாவல் நெருங்கி வந்தாள். பிறகு, “போன கோடையில் என் அண்ணன் நெட்டையன் தண்ணீர் தேடி அங்கேதான் போனான். திரும்பி வரவே இல்லை. அவனை அங்கே பார்த்தீர்களா, ஐயா?” என்று கேட்டாள்.

“எனக்குத் தவளைகளைத் தலை எண்ணித்தான் பழக்கம். முகம் பார்த்துப் பழக்கமில்லை.”

“அங்கே இருக்கிற தவளைகள் எப்படிப்பட்டவை?”

“தூர மேற்குத் தவளைகள் பாம்பைத் தின்னும். பாடத்தில் இருக்கிறது.”

“நீங்கள் பார்த்தீர்களா?”

“பார்த்ததில்லை. பாடத்தில் இருக்கிறது என்கிறேனே!”

மற்றத் தவளைகள் கூடிப் பேசின. இருந்தால் காய்ந்து சாவோம், போனால் நடந்து சாவோம், நடப்பதே மேல் என்று முடிவாயிற்று. விடிந்ததும் புறப்பட வேண்டும். குட்டைக்கரை விளா மரத்தடியில் காய்ந்த பழங்களின் ஓடுகள் கிடந்தன. குமிழி அவற்றில் நல்லதாகப் பொறுக்கிக் கழுவி வைத்தாள். ஓர் ஓட்டில் தண்ணீர் ஊற்றினால் ஐந்து பிள்ளைகளைப் போடலாம். அரை நாள் வெயிலில் அந்தத் தண்ணீர் கொதித்துவிடும். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கழுவினாள்.

பொழுது சாய்ந்தது. அந்தக் குட்டையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தி நேரத்தில் தவளைகள் எல்லாம் முடிவுப் பாறையைப் பார்த்து உட்கார்ந்து பாடும். பாடி முடித்ததும் பாறையிலிருந்து அதே பாட்டு திரும்பி வரும். அது எதிரொலி. உலகத்தின் சுவரில் பட்டு வருகிறது என்று மனனியார் விளக்கம் சொல்லியிருந்தார்.

மற்ற நாள்களில் பாறை பாடி முடித்ததும் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். அன்று ஒரே பாட்டு, கடைசிப் பாட்டு. எல்லோரும் தொண்டை கிழியப் பாடினார்கள். நிறுத்தினார்கள். பாறை பதிலுக்குப் பாடியது.

பிறகு பாறை இருமியது.

“க்ர்ரக்… க்ர்ரக்… ஃபீ.”

குமிழி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். “யார் இருமியது?”

“நான் இல்லை,” என்றது ஒரு தவளை. “நானும் இல்லை,” என்றது இன்னொன்று.

“நம்மில் யாரும் இருமவில்லை. அப்படியிருக்க எதிரொலி எப்படி இருமும்?”

எல்லோரும் மனனியாரைப் பார்த்தார்கள். அவர் சிறகைக் கோதிக்கொண்டார். “பழைய பாறை. சளி பிடித்திருக்கும்.”

“க்ர்ரக்… ஃபீ,” என்றது பாறை மறுபடியும்.

குமிழி பாறைப் பக்கம் ஒரு தாவல் தாவினாள். இருமலின் முடிவில் வந்த அந்தச் சீழ்க்கை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளோடு பந்தயம் கட்டி ஒரு தும்பியை அப்படியே விழுங்கினான் நெட்டையன். அன்றிலிருந்து அவன் இருமினால் கடைசியில் சீழ்க்கை வரும்.

அப்போது சேற்றுக்குள்ளிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கொடுக்கன் என்ற நண்டு வளையை விட்டு வெளியே வந்தான். கேலி பேசாமல் அவனால் கால் நாழிகை இருக்க முடியாது.

“பாறைக்குச் சளியாம்! கஷாயம் வைத்துக் கொடுங்கள், பாவம்.”

“கொடுக்கா, அது யார் என்று உனக்குத் தெரியுமா?”

“அந்தப் பக்கத்து ஆள். வருஷம் முழுக்க இப்படித்தான் இருமுகிறார். தும்பை இலையை மென்று தின்னுங்கள் என்று நான்கூடச் சொன்னேன். கேட்டால்தானே!”

“எந்தப் பக்கம்?”

“பாறைக்கு அந்தப் பக்கம்.”

குட்டையில் இருந்த எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

“உலகத்தின் முடிவுக்கு அப்பால் போனாயா?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டது ஒரு தவளை.

“வாரத்துக்கு இரண்டு தடவை போவேன். பாசி நன்றாக இருக்கும்.”

“ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை?” என்று கத்தினாள் குமிழி.

“நீங்கள் எப்போது கேட்டீர்கள்? தூர மேற்குக்கு வழி எது, வழி எது என்று உயிரை விட்டீர்கள். எனக்கு அந்தத் தூர மேற்கெல்லாம் தெரியாது அக்கா. நான் போவது பக்கத்துச் சுனைக்கு.”

“மனனியார் வகுப்பில் நீ இதையெல்லாம் படிக்கவில்லையா?”

“எங்கே படிக்க விட்டார்? எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து முன்னால் நகர வேண்டும் என்றார். நான் கிழக்கே பார்த்தால் வடக்கே போகிறவன். முதல் நாளே வெளியே போ என்று சொல்லிவிட்டார்.”

“ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது,” என்றார் மனனியார்.

கொடுக்கன் காட்டிய இடத்தில் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. ஒரு தவளை நுழையலாம். குமிழி அதன் வாசலில் போய் நின்றாள். உள்ளே இருட்டாக இருந்தது.

“போகாதே!” என்று பதறினார் மனனியார். “அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. விழுந்துவிடுவாய்!”

மனனியார் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பயந்துதான் சொன்னார். குமிழிக்கும் பயமாக இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் கால் வைத்தால் கால் எதன்மேல் நிற்கும்? அவள் திரும்பிக் குட்டையைப் பார்த்தாள். பன்னிரண்டு தாவல் நீளத் தண்ணீர். அதில் இருநூறு சின்ன வால்கள்.

“ஒன்று,” என்று எண்ணிக்கொண்டு உள்ளே தாவினாள்.

நூறாவது தாவலில் பாறை அவளுடைய முதுகை உரசியது. இருநூறாவது தாவலில் ஒரு வௌவால், “யாரது, பக்கவாட்டு ஆளா?” என்று கேட்டது. இருநூற்று எண்பதில் வெளிச்சம் தெரிந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டாவது தாவலில் அவள் ‘தொபுக்’ என்று விழுந்தாள்.

விழுந்தது தண்ணீரில்.

ஆழமான, குளிர்ந்த, கரை ததும்பும் தண்ணீர். நடுவே ஒரு தாமரை இலையில் பானையைக் கவிழ்த்தாற்போல ஒரு தவளை உட்கார்ந்திருந்தான். பானையன் என்றே அவனுக்குப் பெயர். அவன் அவளை விழித்துப் பார்த்தான்.

“எந்த ஊர்?”

“தூரக் கிழக்கு.”

“ஐயையோ!” என்று பானையன் தலைகுப்புறத் தண்ணீருக்குள் பாய்ந்தான். சிறிது நேரம் கழித்து இரண்டு கண்கள் மட்டும் மேலே வந்தன. “உன்னுடைய மூன்றாவது கண்ணை மூடிக்கொள்ளம்மா. பிறகு பேசலாம்.”

“எனக்கு இரண்டு கண்தான்.”

“பாடத்தில் மூன்று என்று இருக்கிறதே?”

“எங்கள் பாடத்தில் நீங்கள் பாம்பு தின்பவர்கள் என்று இருக்கிறது.”

“பாம்பா! நாங்களா!” பானையன் தண்ணீரைக் கொப்பளித்துச் சிரித்தான். “பாம்பின் நிழலைப் பார்த்தாலே நான் அரை நாள் மேலே வர மாட்டேன்.”

“க்ர்ரக்… க்ர்ரக்… ஃபீ,” என்றது கரையில் ஒரு குரல்.

பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு நெடுங்கால் தவளை எழுந்து நின்றது. முன்னங்காலில் ஒரு விரலைக் காணோம்.

“குமிழி! நீயா?” என்றான் நெட்டையன். “ஏழு நாளும் தனியாகவா வந்தாய்? ஏரிக்கரையில் நாரை எதுவும் செய்யவில்லையே? என்னிடம் ஒரு விரலைக் கொத்திக்கொண்டுதான் விட்டது. எப்போது புறப்பட்டாய்?”

“இப்போதுதான், அண்ணே. பாட்டு முடிந்ததும்.”

“எந்தப் பாட்டு?”

“சற்று முன்னால் பாடினோமே, அந்தப் பாட்டு.”

நெட்டையன் அவளைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். மெல்ல உட்கார்ந்தான்.

“எத்தனை தாவல்?”

“முன்னூற்றுப் பன்னிரண்டு.”

“ஒரு வருஷம், குமிழி! ஏழு நாள் வழியை இந்தக் காலோடு இன்னொரு முறை நடக்க முடியாது என்றுதான் இங்கேயே இருந்துவிட்டேன். தினமும் அந்தியில் இந்தப் பாறையில் சாய்ந்துகொண்டு நம் குட்டையை நினைத்து அழுவேன். இதே பாறையில்! இந்தச் சுனைக்காரர்கள் பாடியதும் எதிரொலி கேட்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பாட்டு மாதிரியே இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுவேன்.”

“எங்களுக்குக் கேட்டது, அண்ணே. பாறைக்குச் சளி என்று சொன்னார்கள்.”

“மனனியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினேனே!”

“பாடத்தில் இல்லாததை அவர் எங்கே சொல்கிறார்! அதை விடு. கால் முளைக்காத பிள்ளைகள் இருநூறு பேர் அங்கே இருக்கிறார்கள். இரண்டு நாள் தண்ணீர்தான் இருக்கிறது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு நெட்டையன் எழுந்தான். அவனுக்கு முன்னாலேயே பானையன் கரையேறிவிட்டான். “இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? எங்கே இருக்கிறது அந்த ஓட்டை?”

மறுநாள் விடிந்தவுடன் வேலை தொடங்கியது. விளா ஓட்டில் ஓட்டுக்கு ஐந்து பிள்ளைகளாகப் போட்டு, வெடிப்பின் வழியே கொண்டுபோனார்கள். இந்தப் பக்கத்துத் தவளைகள் பாதி வழிவரை தள்ளின. அந்தப் பக்கத்துத் தவளைகள் அங்கிருந்து வாங்கிக்கொண்டன. தவளைகள் தாவும்போது தண்ணீர் சிந்தியது. கொடுக்கன் தூக்கிய ஓட்டில் மட்டும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பக்கவாட்டில் நடப்பவன் குதிப்பதில்லை அல்லவா? அதைச் சொல்லிச் சொல்லியே அவன் மற்றவர்களின் உயிரை எடுத்தான்.

பானையன் இடுக்கில் ஒருமுறை சிக்கிக்கொண்டான். “மூச்சை விடு, மாமா!” என்று பின்னாலிருந்து இருவர் தள்ளினார்கள். “விட்டால் திரும்ப வாங்க இடம் வேண்டாமா?” என்று அவன் முனகினான். வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி வேடிக்கை பார்த்தது.

மனனியார் பாறையின் உச்சியில் உட்கார்ந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்: “தூரக் கிழக்கிலிருந்து தூர மேற்குக்கு மருத மரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இது முறையான வழி அல்ல. இது வழியே அல்ல.”

வெயில் ஏறுவதற்குள் கடைசி ஓடும் போய்ச் சேர்ந்தது. குமிழி சுனைக்கரையில் நின்று பிள்ளைகளை எண்ணினாள். தலைப்பிரட்டைகள் ஓரிடத்தில் நிற்பதில்லையே. நான்கு முறை எண்ணினாள். நான்கு முறையும் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது.

“ஒன்றுதானே, அக்கா,” என்றது ஒரு தவளை. குமிழி அதற்குப் பதில் சொல்ல அங்கே இல்லை. வெடிப்புக்குள் பாதி தூரம் போயிருந்தாள்.

குட்டையில் தண்ணீர் இல்லை. கடைசித் தண்ணீரையும் ஓடுகளில் மொண்டாகிவிட்டது. அவள் சேற்றைக் கிளறினாள். தாழம்புதரடியில் தேடினாள். கரையோரத்தில், என்றோ ஒரு மான் மிதித்த குளம்புத் தடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் ஈரம் மினுங்கியது. அதில் கறுப்பாக ஒரு வால் ஆடியது.

ஓடுகள் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. குமிழி தடத்திலிருந்த தண்ணீரோடு பிள்ளையையும் அப்படியே வாயில் எடுத்துக்கொண்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு தாவினாள். வாயைத் திறக்க முடியாததால் அந்த ஒருமுறை மட்டும் அவள் தாவல்களை எண்ணவில்லை.

சுனையில் வாயைத் திறந்தாள். இருநூறாவது பிள்ளை, நடந்தது எதுவும் தெரியாததுபோல, நேராகப் பாசி தின்னப் போய்விட்டது.

குமிழி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்த்தாள். மனனியார் இன்னும் பாறையுச்சியில் இருந்தார். குரல் மட்டும் கம்மியிருந்தது.

“ஐயா, ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே?” என்றாள். “உங்களுக்குச் சிறகு இருக்கிறது. இத்தனை காலமும் இந்தச் சுனைக்கும் வந்தீர்கள், எங்கள் குட்டைக்கும் வந்தீர்கள். ஒரு தடவைகூட இந்தப் பாறையை நேராகத் தாண்டியதில்லையா?”

“மருத மரத்துக்குப் போய்த் திரும்பித்தான் வருவேன். பேழைவாயர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.”

“குன்றின் மேலேயாவது ஒருமுறை பறந்து பாருங்களேன்.”

“பாடத்தில் இல்லையே,” என்றார் மனனியார். ஆனாலும் இந்த முறை அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.  பிறகு சிறகை விரித்து மேலே போனார்.

குன்றின் உச்சிக்கு மேலே அவர் ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம் போட்டார். கீழே காடு வளையமாகக் கிடந்தது. அதற்கு முனை இல்லை. முடிவும் இல்லை. மனனியார் தம் வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இறங்கி வந்தார்.

“என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டான் கொடுக்கன்.

“வடை,” என்றார் மனனியார்.

அன்று மாலை சுனையில் ஒரே கொண்டாட்டம். இரண்டு பக்கத்துத் தவளைகளும் சேர்ந்து பாடின. பாடி முடித்ததும் எல்லோரும் பழக்கத்தால் பாறையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பதில் வராததைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெட்டையன் சிரித்து, இருமி, சீழ்க்கையடித்து, மறுபடி சிரித்தான். தும்பை இலையைக் கொண்டுவந்து அவன் வாயில் திணித்தான் கொடுக்கன்.

மனனியார் மட்டும் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். “பழைய பாடம் போய்விட்டது. நாளைக்கு ஊர் ஊராகப் போய் நான் எதைச் சொல்வேன்?” என்று புலம்பினார். “யாராவது புதிதாக ஒன்று சொல்லிக்கொடுங்கள். ஒருமுறை சொன்னால் போதும்.”

குமிழி பிள்ளைகளை ஐந்தாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் காதில் இது விழவில்லை.

“அதற்கென்ன, ஐயா! நான் இருக்கிறேனே,” என்று பானையன் தாமரை இலையில் ஏறி வசதியாக உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலா பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சொல்லத் தொடங்கினான்.

ஆனி மாதம் மழை பிடித்தது. மருத மரத்தடி நீர்நாய்கள், தாங்கள் தூரத் தெற்கில் வாழ்வதாக மனனியார் வாயால் கேட்டு அறிந்துகொண்டன. இவ்வளவு தூரத்தில் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று சொல்லி, அவற்றில் இரண்டு குடும்பங்கள் அன்றைக்கே மூட்டை கட்டின.

நீதி: ஓர் இடத்தைத் தூரம் என்று ஒருவர் சொன்னால், அவர் எங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.